டம்ளரின் அடியைப் பாருங்கள்

வியாழக்கிழமை காலை குழாயில் பால் வந்தது.

உண்மையில் அது பால் இல்லை. பாலாக இருந்திருந்தால் அந்தக் குடியிருப்பில் யாரும் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள். தண்ணீர்தான். ஆனால் பால் போல வெள்ளை.

முதலில் பார்த்தவள் சுண்டு. அப்போது அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரை, கையில் டம்ளர், டம்ளரில் வெள்ளை.

"அம்மா! தண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சு!"

சுண்டு நான்காம் வகுப்பு. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம், சுண்டு விரல் மாதிரி. பெயர் அப்படித்தான் வந்தது. முதலில் கோபப்பட்டாள். பிறகு கோபப்பட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாள்.

அம்மா வந்து பார்த்தாள். அம்மாவுக்குத் தண்ணீர் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் வேலை. தண்ணீரைக் கண்டால் மற்றவர்கள் குடிப்பார்கள். அம்மா புட்டியில் பிடித்து மூடுவாள். அன்றும் அதைத்தான் செய்தாள்.

"எடுத்துட்டுப் போய் சோதிச்சுப் பாக்குறேன். அதுவரைக்கும் காய்ச்சிக் குடிங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு" என்று புட்டியைப் பைக்குள் வைத்தாள்.

சுண்டு படியேறி இறங்கி எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். "உங்க அம்மா பாத்துக்கிட்டா சரி" என்றார்கள்.

மதியம்வரை அது சரியாகத்தான் இருந்தது.

மதியம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் வந்தது. யாரோ ஓர் ஆள், மூச்சு வாங்கப் பேசினார்.

"என் மச்சானோட ஃபிரெண்டு தண்ணி வாரியத்துலதான் வேலை பாக்குறார். அவரே சொன்னாருங்க. தண்ணியில ஏதோ பவுடர் கலக்குறாங்களாம். ஒரு வாரம் குடிச்சா கிட்னி போயிடுமாம். வேண்டியவங்களுக்கெல்லாம் அனுப்புங்க!"

அந்த மச்சானை யாரும் பார்த்ததில்லை. மச்சானின் நண்பரையும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் மூன்று மாடியும் அவரை நம்பிவிட்டது.

சனிக்கிழமை காலை, அம்மா கீழ்த்தளத்துப் பலகையில் சோதனை முடிவை ஒட்டினாள். வாரியத்தின் முத்திரையோடு, சுத்தமான எழுத்தில் இருந்தது.

'நிறம்: இல்லை. கலங்கல்: இல்லை. கிருமி: இல்லை. நீர் குடிக்க உகந்தது.'

முதலில் படித்தவள் தையல் அக்கா. கீழ்த்தளத்தின் முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். அவள் குரல் மூன்றாம் மாடிவரை போகும்.

"நிறம் இல்லையா? எங்க வீட்டுக் குழாயில சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி வெள்ளையா கொட்டுது. நிறம் இல்லைன்னு ஒட்டியிருக்காங்க! நமக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா?"

கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் படித்தார்கள். எல்லோருக்கும் கண் இருந்தது.

"அப்போ அந்த ஆளு சொன்னது நெசம்தான்" என்றது ஒரு குரல்.

"மறைக்கிறாங்க" என்றது இன்னொன்று.

பத்து மணிக்குள் யாரோ அந்தத் தாளில் பேனாவால் ஒரு மாடு வரைந்துவிட்டார்கள். மாடு நன்றாகவே இருந்தது. அதைப் பார்த்துச் சிரிப்பு வந்ததற்காக சுண்டுவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த நேரத்தில் குடியிருப்புச் செயலாளர் மாமா கைதட்டினார். அவர் எதைச் சொல்வதற்கு முன்னும் கைதட்டுவார். வீட்டில் சாப்பாடு கேட்கும்போதும் தட்டுவார் என்று ஒரு பேச்சு உண்டு.

"யாரும் பயப்பட வேண்டாம். பின்பக்கம் நம்ம கிணறு இருக்கு. எட்டிப் பாத்தேன். கண்ணாடி மாதிரி கெடக்கு தண்ணி. சாயங்காலம் நாலு மணிக்குக் குழாய்க்காரர் வர்றார். வாரியத்து வால்வை மூடிட்டு, கிணத்து மோட்டாரை நம்ம குழாயோட இணைச்சிடுவார். அப்புறம் எல்லா வீட்டுக்கும் கிணத்துத் தண்ணிதான்!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

அம்மா தட்டவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அது வேண்டாங்க. செடிக்கு ஊத்தலாமான்னு முன்னாடி சிலர் கேட்டப்போ அந்தத் தண்ணிய நான் சோதிச்சிருக்கேன். பக்கத்துலயே கழிவுநீர்த் தொட்டி. கிணத்துக்குள்ள கசியுது. கிருமி இருக்கு."

செயலாளர் மாமா பலகையைக் காட்டினார். "வெள்ளைத் தண்ணிக்கு நிறம் இல்லைன்னு சொன்னதும் நீங்கதான். தெளிஞ்ச தண்ணியில கிருமின்னு சொல்றதும் நீங்கதான். நாங்க எதைம்மா நம்புறது?"

யாரோ சிரித்தார்கள். அம்மா படியேறிப் போனாள்.

சுண்டு பின்னால் போகவில்லை. முதல் படியில் விசில் உட்கார்ந்திருந்தான். முன்பல் விழுந்ததிலிருந்து அவன் பேசும்போது காற்று கீச்சென்று வெளியே வரும். அவளுடைய ஒரே நண்பன்.

"டேய், உங்க வீட்டுல கிணத்துத் தண்ணி குடிக்காதீங்கடா. தம்பிக்கு ஆகாது."

விசிலின் தம்பிக்கு இரண்டு வயது. பேர் பொடியன். வாந்தியும் பேதியுமாகக் கிடந்து, போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். கையில் ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருந்தது. இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

விசில் தன் செருப்பைப் பார்த்தான். "உங்க அம்மா பொய் சொல்றாங்கன்னு எங்க அம்மா சொல்றாங்க."

"நீ என்ன சொல்றே?"

"எனக்குத் தெரியல சுண்டு. நிறம் இல்லைன்னு எழுதியிருக்கு. தண்ணி வெள்ளையா இருக்கே."

சுண்டுவுக்கு அவன் செருப்பைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. அதுதான் சிக்கல்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள்.

"அம்மா, நீ பொய் சொன்னியா?"

அம்மாவின் கை நின்றது. "இல்ல."

"தண்ணி வெள்ளையா இருந்துச்சே."

"குழாய்ல பிடிக்கும்போது வெள்ளை. சோதனைக்கூடத்துல புட்டியை எடுத்தப்போ தெளிவா இருந்துச்சு. சோதிக்கிற நேரத்துல எப்படி இருக்கோ அப்படித்தான் எழுதணும். அதுதான் முறை."

"நடுவுல வெள்ளை எங்க போச்சு?"

"போயிடும்" என்றாள் அம்மா, அதோடு முடிந்தது என்பதுபோல. அடுத்த சட்டையை எடுத்தாள்.

சுண்டு சமையலறைக்குப் போனாள். கோபம் வந்தால் அவளுக்குத் தாகம் எடுக்கும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். வெள்ளை. குடிக்க மனம் வரவில்லை. மேடையில் வைத்துவிட்டு, கன்னத்தைக் கையில் தாங்கி அதையே முறைத்தாள்.

டம்ளரின் அடியில் ஒரு கோடு தெரிந்தது.

கோட்டுக்குக் கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது. மேலே வெள்ளை. அவள் பார்க்கப் பார்க்கக் கோடு மேலே ஏறியது. அடியிலிருந்து யாரோ திரையைத் தூக்குவதுபோல வெள்ளை மெல்ல மெல்ல உயர்ந்தது. கடைசியில் மேலே ஒரு மெல்லிய வளையமாக நின்று, அதுவும் காணாமல் போனது.

சுண்டு டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தாள். ஒன்றும் படிந்திருக்கவில்லை.

மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் சேறு கீழேதானே இறங்கும்? மேல்பக்கம்தானே முதலில் தெளியும்? இது தலைகீழாக அல்லவா தெளிகிறது!

"அம்மா! வெள்ளை மேல போகுது!"

"காத்து" என்றது அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல். "புது பம்பு போட்டிருக்காங்க. அது தண்ணியோட காத்தையும் சேத்து இழுக்குது. எல்லாம் குட்டிக் குட்டிக் குமிழி. சரி பண்ணச் சொல்லியிருக்கோம்."

சுண்டு டம்ளரோடு வாசலில் வந்து நின்றாள். "இதை ஏன்மா நீ யார்கிட்டயும் சொல்லல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"யாருக்கும் தெரியாதும்மா!"

அம்மா அவளைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். மடித்த சட்டை கையிலேயே இருந்தது.

"யாருக்குமேவா?"

"எனக்கே தெரியாது. நான் உன் பொண்ணு!"

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அம்மா அந்த டம்ளரோடு கிளம்பப் பார்த்தாள். சுண்டு தடுத்துவிட்டாள்.

"நம்ம டம்ளர் வேண்டாம். நீ ஏதோ போட்டு எடுத்துட்டு வந்தேன்னு சொல்லுவாங்க. நீயும் இப்போ வேண்டாம்."

"நானும் வேண்டாமா?"

"கொஞ்ச நேரத்துக்கு."

சுண்டு கீழே போனபோது தையல் அக்கா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டாள். "என்னடி, உங்க அம்மா தூது அனுப்பினாங்களா?"

"இல்லக்கா. ரெண்டு கண்ணாடி டம்ளர் இருக்கா?"

"எதுக்கு?"

"ஒரு வேடிக்கை. உங்க டம்ளர், உங்க குழாய், உங்க கை. நான் எதையும் தொடமாட்டேன். கையைப் பின்னால கட்டிக்கிறேன், பாருங்க."

வேடிக்கை என்றால் தையல் அக்காவால் சும்மா இருக்க முடியாது. இயந்திரம் நின்றது. இரண்டு டம்ளர் வந்தது. ஒன்றில் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். வெள்ளை.

"இன்னொண்ணுல காலையில காய்ச்சி ஆறவச்ச தண்ணி ஊத்துங்க. அதுல துணியில கோடு போடுற சாக்குக்கட்டிய சுரண்டிப் போட்டுக் கலக்குங்க."

அக்கா கத்தரிக்கோல் நுனியால் சுரண்டிப் போட்டாள். அதுவும் வெள்ளையானது. இரண்டு டம்ளரையும் தையல் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இப்போ?"

"இப்போ பேசாம பாக்கணும்."

தையல் அக்கா பேசாமல் இருந்ததை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அன்று இருந்தாள். குழாய்த் தண்ணீரில் கோடு அடியிலிருந்து ஏறியது. அவள் குனிந்தாள். மூக்கு டம்ளரில் இடித்தது.

"இது மேல போகுதுடி!"

"ஆமா."

கொஞ்ச நேரத்தில் அது முழுக்கத் தெளிந்துவிட்டது. மற்ற டம்ளர் இன்னும் வெள்ளையாகவே நின்றது. பிறகு அதில் மேல்பக்கம் மெல்லத் தெளிய ஆரம்பித்தது. அடியில் சாக்குத் தூள் படிந்தது.

"பவுடர் கீழ போகுது" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் டம்ளரைத் தூக்கி, அடியில் விரலால் தட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே இல்லையே. அப்போ மேல போறது என்ன?"

"நீங்களே சொல்லுங்க. தண்ணிக்குள்ள எது மேல போகும், அக்கா?"

தையல் அக்கா யோசித்தாள். பிறகு கழுத்து நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"காத்து! அட, காத்துடி!" என்று கத்தினாள்.

மூன்றாம் மாடிக்கும் கேட்டது.

அதன் பிறகு சுண்டுவுக்கு அதிக வேலை இருக்கவில்லை. தையல் அக்கா கதவு கதவாகத் தட்டினாள். "உங்க வீட்டு டம்ளரை எடுங்க! உங்க குழாயில பிடிங்க! அடியைப் பாருங்க, அடியை!" விசிலின் அம்மாவும் கதவைத் திறந்தாள். சுண்டுவைப் பார்த்து முகம் இறுகியது. ஆனாலும் டம்ளரை எடுத்தாள். விசில் பக்கத்தில் நின்று பார்த்தான். வெள்ளை ஏற ஏற அவன் வாயிலிருந்து ஒரு நீளமான விசில் வந்தது.

நாலு மணிக்குக் குழாய்க்காரர் வந்தபோது, கிணற்றடியில் பாதிக் குடியிருப்பு டம்ளரோடு நின்றது. இந்த முறை சுண்டு போய் அம்மாவைக் கூட்டி வந்தாள்.

செயலாளர் மாமா கைதட்டினார். யாரும் திரும்பவில்லை. மறுபடி தட்டினார்.

"சரிம்மா, வெள்ளை காத்துதான். ஒத்துக்கிறேன். ஆனா விஷம்னா கலரோட வரணும்னு இருக்கா? கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாமே?"

சில டம்ளர்கள் கீழே இறங்கின.

அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"இருக்கலாம்" என்றாள் அம்மா. "நல்ல கேள்வி. கண்ணால பாத்து எல்லாத்தையும் சொல்ல முடியாது. முடிஞ்சா எனக்கு அந்த வேலையே இருக்காது."

அப்போது சுண்டுவுக்கு ஒன்று தோன்றியது.

"அப்போ மாமா, கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே. அதுலயும் கண்ணுக்குத் தெரியாம இருக்கலாம்ல?"

செயலாளர் மாமா கைகளைத் தூக்கினார். தட்டாமல் அப்படியே வைத்திருந்தார்.

"அதானே!" என்றாள் தையல் அக்கா.

"இணைக்கவா, வேண்டாமா?" என்று கேட்டார் குழாய்க்காரர். "எனக்கு எதுன்னாலும் சரி. ஆனா சீக்கிரம் சொல்லுங்க, வெயில் கொளுத்துது."

"அவசரப்படாதீங்க" என்றாள் அம்மா. "என்கிட்ட சின்னச் சோதனைப் புட்டி இருக்கு. உள்ள மருந்து தடவின காகிதம் இருக்கும். தண்ணிய ஊத்தி மூடி, கதகதப்பான இடத்துல ரெண்டு நாள் வைக்கணும். கழிவுக் கிருமி இருந்தா தண்ணி கறுப்பாயிடும். ஒண்ணுல குழாய்த் தண்ணி, ஒண்ணுல கிணத்துத் தண்ணி. நான் தொடமாட்டேன். நீங்களே ஊத்துங்க. உங்க வீட்டுலயே வைங்க."

சுண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள் அம்மா.

விசிலின் அம்மா முன்னால் வந்தாள். இடுப்பில் பொடியன் இருந்தான். "ரெண்டு நாள்தானே? அதுவரைக்கும் குழாய்த் தண்ணியவே காய்ச்சிக் குடுக்கிறேன். மோட்டார் இப்போ வேண்டாம்."

குழாய்க்காரர் தன் பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரையும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

செயலாளர் மாமா தன் கையாலேயே இரண்டு புட்டியையும் நிரப்பினார். தன் கையெழுத்தில் பேர் எழுதி ஒட்டினார். வீட்டில் ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்தார். அங்கே எப்போதும் கதகதப்பாக இருக்கும். வீட்டில் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாலும், "மெதுவா! மெதுவா!" என்றார். அவர் மனைவி ஃபிரிட்ஜையே திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கைதட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பலவீனமான கைதட்டல்.

எல்லோரும் கீழே வந்தார்கள். செயலாளர் மாமா இரண்டு புட்டியையும் தையல் மேசைமேல் வைத்தார். குழாய்த் தண்ணீர் நிறம் மாறாமல் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் கறுப்பு. சாதாரணக் கறுப்பு இல்லை, மை மாதிரி.

"நாளைக்கும் பாக்கலாம். ஆனா இது ஒரு நாள்லயே கறுத்துப் போச்சு" என்றார் மாமா. "நானேதான் ஊத்தினேன். நானேதான் மூடினேன். என் ஃபிரிட்ஜ் மேலதான் இருந்துச்சு."

விசிலின் அம்மா புட்டியைப் பார்த்தாள், பொடியனைப் பார்த்தாள். பிறகு ஒரு நீண்ட மூச்சு விட்டாள். அந்த மூச்சு அங்கிருந்த எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் சுண்டுவின் அம்மாவிடம்.

"நானும் ஒழுங்கா சொல்லியிருக்கணும்" என்றாள் அம்மா.

"மாடு வரைஞ்சது நான் இல்ல" என்றாள் தையல் அக்கா. அப்படி ஒன்றை யாரும் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமையும் குழாய்ப் புட்டி மாறவில்லை. கிணற்று மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் செயலாளர் மாமா இடுப்பில் சொருகிக்கொண்டார். பலகையில் அம்மா புதிய தாள் ஒட்டினாள். ஒட்டுவதற்கு முன் சுண்டுவிடம் படிக்கக் கொடுத்தாள். சுண்டு ஓரிடத்தில் புரியவில்லை என்றாள். அம்மா அதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

'குழாயில் பிடிக்கும்போது தண்ணீர் வெள்ளையாக இருக்கும். அது காற்று. டம்ளரின் அடியைப் பாருங்கள், அங்கிருந்து தெளியும். தெளியாவிட்டால், அல்லது அடியில் ஏதாவது படிந்தால், உடனே என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.'

ஓரத்தில் அந்த மாட்டையும் அம்மாவே வரைந்திருந்தாள். பழைய மாடுதான் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த நாள் வாட்ஸ்அப் குழுவில் அதே குரல் மறுபடி வந்தது. மூச்சு வாங்க, மச்சானின் நண்பரோடு. இந்த முறை உப்பைப் பற்றி. செயலாளர் மாமா முழுவதும் கேட்டுவிட்டு, சுண்டுவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா, இதுக்கும் டம்ளர் எடுக்கணுமா?"

"முதல்ல அந்த மச்சான் யாருன்னு கேளுங்க மாமா."

மாமா கேட்டார். குழுவில் யாருமே பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் சுண்டு விசிலின் வீட்டுக்குப் போனாள். சமையலறையில் பொடியன் ஒரு முக்காலிமேல் நின்றிருந்தான். கையில் நீலம் மறைந்துவிட்டது. விசில் குழாயைத் திறந்து டம்ளரை நிரப்பினான்.

"பால்!" என்றான் பொடியன்.

"பால் இல்லடா. பொறு" என்றான் விசில்.

மூவரும் குனிந்து டம்ளரைப் பார்த்தார்கள். வெள்ளை மெல்ல மேலே ஏறியது. பொடியனுக்குத் தாகம்தான். ஆனாலும் காத்திருந்தான். கடைசி வளையமும் மறைந்த பிறகு இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, மடக் மடக்கென்று குடித்து முடித்தான்.

பிறகு காலி டம்ளரைக் குழாய்க்கு நேராக நீட்டினான்.

"இன்னும்."